‘ஆனால்’ எழுதக் கூடாத நோட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. சட்டைத் தொழிற்சாலையின் இரண்டாம் தளத்தில் அவளுக்குப் பெயர் அம்பக்கா. வாசல் காவலாளி முதல் ஃப்ளோர் மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேனேஜர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக அவள் மேஜைக்கு வரும். மேஜைக்கு மேலே இரண்டு குழல் விளக்கு, ஓரத்தில் ஒரு சுருள் ஸ்டிக்கர். ஒவ்வொரு ஸ்டிக்கரும் நகத்தளவு சிவப்பு அம்பு. தையல் விட்டுப்போயிருந்தால், பட்டன் கோணலாக இருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், குறையைக் காட்டியபடி ஓர் அம்பை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவாள். திரும்பிப் போகும் சட்டைக்கு அங்கே ஆல்டர் என்று பெயர். அம்பக்கா மேஜையிலிருந்து ஒரு பண்டல் கிளம்பினாலே மெஷின்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அது யாரிடம் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

சட்டையை விரித்ததும் அவள் கண் இடது காலர் முனையில் போய் உட்காரும். அங்கிருந்து கடிகார முள் போகிற திசையில் தோள், கை, கஃப், அடி ஓரம், பட்டன் பட்டி என்று ஒரு சுற்று சுற்றி மறுபடி காலருக்கு வரும். நாற்பது விநாடி, அவ்வளவுதான். பதினொரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இப்படிச் சுற்றியவளுக்கு, சட்டை அல்லாதவற்றையும் அப்படியே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டதில் ஆச்சரியமில்லை. பசை குறைந்துபோன பழைய சுருள் ஒன்று வீட்டுச் சமையலறை அலமாரியிலும் இருந்தது. சரியாகத் தேய்க்காத வாணலி, கோணலாக மாட்டிய காலண்டர், ஒழுகும் குழாய் எல்லாவற்றுக்கும் அம்பு உண்டு.

அவள் வீட்டுக்காரர் டயர் கடையில் பஞ்சர் பார்க்கிறவர். சாது. ஒருநாள் காலையில் அவர் கிளம்பும்போது அம்பக்கா முதுகில் தட்டிக்கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு திடீரென்று இவ்வளவு பாசமா என்று அவரும் விசிலடித்துக்கொண்டே போனார். மதியம் வரை கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அவர் பின்னால் நின்று சிரித்தார்கள். கடைசியில் லாரிக்காரர் ஒருவர்தான் எடுத்துக் கொடுத்தார். சட்டைக் காலர் பின்னால் மடங்காமல் நின்றதைக் காட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு முதுகில் இருந்ததாம்.

“வாயால சொல்லியிருக்கலாமே?” என்றார் சாயங்காலம்.

“சொன்னா மறந்துடுவீங்க. ஒட்டுனா நிக்கும்.”

அவரும் சிரித்தார், தெருவும் சிரித்தது. சிரிக்காத ஆள் ஒருத்தி உண்டு. அவள்தான் சின்னவள்.

சின்னவள் அம்பக்காவின் கூடப்பிறந்த தங்கை, ஏழு வயது இளையவள். இருவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டே வீடு. ஒன்பது வருஷம் ஒரே வேனில், ஒரே சீட்டில் வேலைக்குப் போய் வந்தார்கள், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டார்கள். அம்பக்கா செக்கிங் மேஜையில், சின்னவள் கஃப் மெஷினில். சட்டையின் கைமுனையில் வரும் அந்தப் பட்டையைத் தைப்பதில் இரண்டாம் தளத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், தையல் மட்டும் கோடு போட்டது மாதிரி இருக்கும்.

நாலு மாதம் முன்பு சின்னவளின் பண்டல் ஒன்று செக்கிங் மேஜைக்கு வந்தது. நாற்பத்தெட்டுச் சட்டை. அம்பக்கா தன் மஞ்சள் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தாள். கஃப் நீளம் இருபத்து நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூன்று மில்லிமீட்டர் முன்பின் போகலாம். அவள் டேப் இருபத்து மூன்று புள்ளி நாலு என்றது. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. நாற்பத்தெட்டுக்கும் அம்பு ஒட்டினாள்.

சின்னவள் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். “அக்கா, இன்னொரு தடவ அளந்து பாரேன். நான் அளவு அட்டைய வெச்சுத்தானே தைச்சேன்?”

அப்போது அம்பக்கா சும்மா இருந்திருக்கலாம். தளமே கேட்கிற குரலில் சொன்னாள். “நான் ஒரு தடவ அளந்தா அளந்ததுதான். தங்கச்சிக்கு ஒரு அளவு, மத்தவங்களுக்கு ஒரு அளவுன்னு எங்கிட்டக் கெடையாது.”

மெஷின்கள் நின்றன. யாரோ கை தட்டினார்கள். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோய், இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததே இல்லை என்றார். நேர்மைக்கு மரியாதை செய்ய வேண்டுமே, அதனால் சின்னவளைக் கஃப் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் உட்காருகிற மேஜை அது. சட்டையில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும், நாள் முழுக்க அதே வேலைதான். அன்றிலிருந்து சின்னவள் அக்காவிடம் பேசவில்லை. வேனில் டிரைவருக்குப் பின் சீட்டுக்கு மாறிவிட்டாள். டப்பாவும் தனித்தனி ஆனது.

அம்பக்கா அதற்கெல்லாம் அசையவில்லை. கோபம் தானாக வடியும் என்று இருந்தாள். அப்படி இருக்கும்போதுதான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தாள். தொழிற்சாலையின் இன்னொரு கிளைக்கு மெஷின்காரர்கள் தேவை. ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலில் நாலாவது பெயர் சின்னவளுடையது. அவள் வீட்டுக்காரர் பெயின்டர், சுவர் இருக்கிற ஊரில் எல்லாம் அவருக்கு வேலை இருக்கும். பட்டியல் அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேலிடத்துக்குப் போகும், போனால் போனதுதான். அம்பக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்தபடியே மூடி வைத்தாள்.

அதே வாரம் அவள் தலையில் இன்னொன்றும் வந்து விழுந்தது. தளத்தின் சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் அம்பக்கா, இன்னொருவர் பட்டன் மெஷினில் வேலை செய்யும் பட்டன் அண்ணன். அவர் வாயைத் திறந்தால் மதியச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் மூடுவார். போன தடவை போல மேனேஜர் கை காட்டினால் முடிகிற விஷயமாக இது இல்லை. வெல்ஃபேர் மேடம் என்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, தோளில் துணிப்பை, யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அவர் ஆளுக்கொரு நீல நோட்டைக் கொடுத்தார்.

“இது பரீட்சை இல்ல. பக்கத்துக்கு ஒரு கேள்வி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். உங்களப் பத்தி நீங்களே எழுதணும். ரெண்டே ரெண்டு விதி. ஒவ்வொரு வரியும் ‘நான்’னு ஆரம்பிக்கணும். ‘ஆனால்’ங்கற வார்த்தை எங்கயும் வரக் கூடாது.”

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டாள் அம்பக்கா.

முதல் நாள் கேள்வி: உங்களிடம் இருக்கும் ஒரு குறையை எழுதுங்கள். அம்பக்கா அரை மணி நேரம் யோசித்து, ‘நான் ரொம்ப நேர்மை’ என்று எழுதிக் கொடுத்தாள்.

“இது குறையாக்கா?” என்று கேட்டார் மேடம்.

“மத்தவங்களுக்கு அப்படித்தான் தெரியுது மேடம்.”

இரண்டாம் நாள், ‘நான் பொறுமையாகத்தான் இருப்பேன், ஆனால் எதிரில் இருப்பவர்கள் விடமாட்டார்கள்’ என்று எழுதினாள். மேடம் அந்த ‘ஆனால்’ மீது பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒன்பது வட்டம். பட்டன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, உங்க பண்டலே ஆல்டருக்கு வந்துடுச்சு போல?” என்று கேட்டார். பதினொரு வருஷம் திருப்பி அனுப்பியே பழகியவளுக்குத் திரும்பி வருவது புது அனுபவம். காதெல்லாம் சூடாகிவிட்டது.

“‘ஆனால்’ போடாம எப்படி மேடம் எழுதறது? மூச்சு முட்டுது.”

“அதுக்கப்புறம் என்ன வருதுன்னு பாருங்க. ‘ஆனால்’ வந்ததுமே உங்க குறை முடிஞ்சு, அடுத்தவங்க குறை ஆரம்பிச்சுடுது.”

நாலாம் நாள் காலையில் வீட்டுக்காரரைப் பிடித்தாள். அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, எங்கிட்ட இருக்கற குறை ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நோட்டுல எழுதணும்.”

அவர் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். “சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன்?”

“நீ ஒண்ணு கேப்ப. நான் பதில் சொல்றதுக்குள்ள...”

“நான் எப்பங்க அப்படிப் பண்ணேன்? நீங்க இழுத்து இழுத்துப் பேசறீங்க, எனக்கு வேன் வந்துடும், அதுக்காகச் சீக்கிரம் முடிக்கச் சொல்வேன். அது ஒரு குறையா? சரி, வேற ஏதாவது சொல்லுங்க.”

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அம்பக்கா அன்று, ‘நான் கேட்டும் என் வீட்டுக்காரரால் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதினாள். நான் என்று தொடங்கியாகிவிட்டது, ‘ஆனால்’ இல்லை. மேடம் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார், வட்டம் போட இடம் தேடிவிட்டு மறுபடி வைத்தார்.

ஐந்தாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தெரிந்த தொழிலைச் செய்தால் என்ன? தன்னையே ஒரு சட்டையாக விரித்துப் போட்டு, இடது காலர் முனையிலிருந்து சுற்றி வந்தாள். நான் குறட்டை விடுவேன். நான் வேன் டிரைவரிடம் என் வயதை நாலு குறைத்துச் சொல்லியிருக்கிறேன். நான் செருப்பு வாங்கினால் விலையை வீட்டில் சொல்லமாட்டேன். நான் பட்டன் அண்ணன் பேசும்போது மனசுக்குள் பாட்டுப் பாடுவேன். இப்படிப் பதினொரு குறை. கடைசி வரியில் ‘நான் பெரிய குறை எதையும் காணவில்லை’ என்று எழுதிக் கோடும் போட்டாள்.

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப இந்தச் சட்டை பாஸாக்கா?”

“பாஸ்தான் மேடம்,” என்றாள் அம்பக்கா. அன்று வேனில் அவளும் விசிலடித்துக்கொண்டுதான் போனாள், சத்தம் வராமல்.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. கேள்வி: உங்கள் வேலைக் கருவி ஒன்றை இன்று சரிபாருங்கள், கண்டதை எழுதுங்கள்.

அம்பக்காவுக்கு இனித்தது. அவளுடைய கருவி அந்த மஞ்சள் டேப். செக்கிங் மேஜைக்கு வந்த முதல் நாள் வாங்கியது. புது டேப் கொடுத்தாலும் டிராயரில் போட்டுவிட்டு இதையே கழுத்தில் போட்டுக்கொள்வாள். மாதம் பிறந்தால் எல்லா டேப்பையும் அலுவலக அறையில் தொங்கும் இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அம்பக்கா கையெழுத்து மட்டும் போடுவாள். “என் டேப்பா? அத வெச்சு உங்க ஸ்கேலத்தான் செக் பண்ணணும்,” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

வேலை தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. அலுவலக அறையில் யாரும் இல்லை. டேப்பை ஸ்கேல்மேல் நீட்டிப் பிடித்தாள். பத்து வரை கச்சிதம். பதினைந்து கச்சிதம். அதற்குமேல் டேப்பின் கோடுகள் ஸ்கேலின் கோடுகளை விட்டு விலக ஆரம்பித்தன. டேப்பில் இருபத்து நாலு என்று போட்டிருந்த இடத்தில், இரும்பு ஸ்கேல் இருபத்து நாலு புள்ளி நாலு என்றது.

கை நடுங்கியிருக்கும் என்று மறுபடி பிடித்தாள். ஸ்கேலைத் திருப்பிப் போட்டுப் பிடித்தாள். ஒரு தடவ அளந்தா அளந்ததுதான் என்று சொன்னவள் அன்று அந்த அறையில் ஐந்து தடவை அளந்தாள். ஐந்து தடவையும் அதே நாலு மில்லிமீட்டர்.

எப்படி என்று யோசிக்கத் தேவையே இல்லை, உடனே ஞாபகம் வந்தது. ஐந்து மாதம் முன்பு டேப்பை மேலங்கிப் பையிலேயே விட்டு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். சுருண்டு சுருங்கி வெளியே வந்தது. தூக்கிப் போட மனசில்லாமல், ஒரு துணியை மேலே விரித்து, சுருக்கம் இருந்த இடத்தை இழுத்துப் பிடித்துச் சூடாக அயர்ன் செய்தாள். அந்த இடம் நீண்டுவிட்டது. சட்டையின் மார்பளவில் ஒரு சென்டிமீட்டர் முன்பின் போகலாம், அதனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. கஃபுக்கு அனுமதியே மூன்று மில்லிமீட்டர். மற்ற பண்டல்களில் கஃப் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவே வந்ததால் அவை தப்பித்திருந்தன. நீண்ட டேப் எந்தத் துணியையும் குட்டையாகத்தான் காட்டும். இருபத்து மூன்று புள்ளி நாலு என்று அவள் படித்தது உண்மையில் இருபத்து மூன்று புள்ளி எட்டு. நாற்பத்தெட்டுச் சட்டையும் சரியாக இருந்திருக்கிறது. 

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. டிராயரில் புது டேப் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்குத் தோன்றியது நல்ல புத்தி இல்லை. பழையதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு நோட்டில் எழுதினாள். ‘நான் என் டேப்பைச் சரிபார்த்தேன். நான் அது பழசாகிவிட்டதைக் கண்டேன். நான் புது டேப்புக்கு மாறினேன்.’ ஒரு பொய் இல்லை, ஒரு ‘ஆனால்’ இல்லை.

மேடம் படித்தார், முகம் மலர்ந்தது. பென்சிலை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். “அருமைக்கா. இப்படித்தான் எழுதணும்.” முதல் நட்சத்திரம். பட்டன் அண்ணன் நோட்டில்கூட இன்னும் ஒன்றும் விழவில்லை.

அந்த நட்சத்திரம்தான் அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டது. பதினொரு வருஷத்தில் குறையுள்ள சட்டை ஒன்றுகூட அவள் மேஜையைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. இன்றைக்கு அவளே போய்விட்டாள். அதுவும் நட்சத்திரத்தோடு. சாயங்காலம் வேனில் டிரைவருக்குப் பின் சீட்டில் சின்னவளின் தலை தெரிந்தது. கம்பியைப் பிடித்திருந்த வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். நாள் முழுக்கச் சின்னக் கத்தரி பிடித்தால் அங்கே காய்த்துப்போகும். நாலு மாதமாக ஒரே வேனில் வந்தும் அம்பக்கா அந்த விரலை அன்றுதான் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன்னை நினைத்துக் கோபமாகவும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நோட்டைத் திரும்ப வாங்கினாள். நட்சத்திரத்தைக் காட்டியபடி ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள். அதன் கீழே எழுதினாள்.

‘நான் டேப்பைப் பையில் விட்டுத் துவைத்தேன். நான் அதை இழுத்து அயர்ன் செய்தேன். நான் ஐந்து மாதமாக அதை ஸ்கேலில் வைத்துப் பார்க்காமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். நான் சரியாக இருந்த நாற்பத்தெட்டுச் சட்டைக்கு அம்பு ஒட்டினேன். நான் நேற்று இதை எழுதாமல் மறைத்தேன்.’

மேடம் அதைப் படித்து முடித்தார். அவளை அழைத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

“அக்கா, இத நீங்க எழுதணும்னு யாரு கேட்டா? இது மேல போனா சூப்பர்வைசர் போஸ்ட் உங்களுக்குக் கெடைக்காது.”

“தெரியும் சார். சின்னவள மறுபடி கஃப் மெஷின்ல உக்கார வைங்க.”

“மெஷின் காலியாத்தான் இருக்கு. ஆனா...”

“ஆனா போடாதீங்க சார்,” என்றாள் அம்பக்கா. மேடம் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லை. தளமே கேட்க அவமானப்படுத்தியதைக் கழிப்பறை வாசலில் ரகசியமாகச் சொன்னால் கணக்குத் தீராது என்று அவளுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால், எல்லோரும் இருக்கும்போதே, நூல் வெட்டும் மேஜைக்கு நடந்தாள். நடப்பதற்கு முன் சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிழித்துத் தன் மேலங்கியில், நெஞ்சுக்கு நேராக ஒட்டிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சின்னவள் நிமிரவில்லை. கத்தரி மட்டும் டிக் டிக் என்று வெட்டிக்கொண்டிருந்தது.

“என் டேப் நீண்டுபோயிருந்துச்சு,” என்றாள் அம்பக்கா. குரல் உடைந்தாலும் சத்தமாகவே சொன்னாள். “உன் கஃப் நாப்பத்தெட்டும் சரி. தப்பு என்மேல. எல்லாரும் கேட்டுக்கங்க, தப்பு என்மேல.”

கத்தரி நின்றது. சின்னவள் எழுந்து அக்காவின் எதிரே வந்து நின்றாள். நெஞ்சிலிருந்த அம்பைப் பார்த்தாள். நகத்தால் அதை உரித்தெடுத்தாள்.

“தப்பான எடத்துல ஒட்டியிருக்க,” என்றாள். நாலு மாதத்தில் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். “டேப் நீளும். டேப்தானே, அது என்ன பண்ணும்? அதுக்கா நான் நாலு மாசம் பேசாம இருந்தேன்? டேப் நீண்டுச்சுன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும்தான் எங்கயோ தப்பாத் தைச்சுட்டேனோன்னு நெனச்சேன். இன்னொரு தடவ அளந்து பாருன்னு கேட்டேன். ஊர்ல இருக்கற சட்டைக்கெல்லாம் நாப்பது விநாடி குடுக்கற. எனக்குக் குடுக்க உங்கிட்ட நாப்பது விநாடி இல்ல.”

சொல்லிவிட்டு அந்த அம்பை அக்காவின் வலது காதில், முனை உள்பக்கம் பார்க்க, அழுத்தி ஒட்டினாள்.

அம்பக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

“பாரு, இப்பவும் வாய்தான் தெறக்குது.”

வாய் மூடிக்கொண்டது. மணி அடித்தது. இருவரும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்தார்கள். சின்னவள் பேசினாள், நாலு மாதப் பேச்சு. கை தட்டியவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியுமாம். முதல் வாரம் வீட்டில் போய் எல்லாச் சட்டையின் கஃபையும் அளந்து பார்த்தாளாம். சின்ன வயதிலிருந்தே எதற்கும் அக்கா சொன்னதுதான் கடைசி வார்த்தை என்று இருந்துவிட்டதைச் சொன்னாள். நடுவில் அம்பக்காவுக்குப் பதினைந்து இடத்தில் மறுத்துப் பேச வார்த்தை வந்தது. பதினைந்தையும் விழுங்கினாள். அழுகை வந்ததை மட்டும் விழுங்க முடியவில்லை.

கடைசியில் சின்னவள் கேட்டாள். “பட்டியல்ல என் பேரு இருக்கு. போகாதன்னு சொல்ல மாட்டியா?”

‘போகாத’ என்ற சொல் அம்பக்காவின் வாய் வரைக்கும் வந்தது. “நீ என்ன நெனைக்கற, சொல்லு.”

“யோசிக்கணும்.”

“யோசி,” என்றாள் அம்பக்கா. அவள் வாழ்க்கையிலேயே சொன்ன மிகச் சின்னப் பதில் அது.

அன்று வேனில் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “என்னக்கா, காதுல சிவப்பா ஏதோ ஒட்டியிருக்கு?” என்று கேட்டார். “இருக்கட்டும், ஆல்டர்,” என்றாள். வீட்டுக்கு வந்தும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்திருந்த ஒரு விஷயத்தை மெதுவாக இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்தார். காலண்டரில் இருக்கும் அம்பு பிடிக்கவில்லையாம். அம்பக்கா முழுதாகக் கேட்டாள். அவ்வளவு நீளமான வாக்கியம் அவருக்குள் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் போனது. அம்பக்கா அறிவிப்புப் பலகைப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு வீடு தள்ளி இருக்கிற கதவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினாள். போய்க் கேட்டுவிடலாம் என்று நாலு முறை செருப்பை மாட்டி நாலு முறையும் கழற்றினாள். திங்கட்கிழமை காலை அவள் வேனில் ஏறி உட்கார்ந்தபோது, பின்னாலேயே ஏறிய சின்னவள் அவளைத் தாண்டிப் போகாமல் நின்றாள்.

“நகரு. ஜன்னல் ஓரம் என்னோடது. நாலாவது பேர அடிச்சாச்சு.”

சூப்பர்வைசர் வேலை பட்டன் அண்ணனுக்குப் போனது. இப்போது அவர் தளம் முழுக்க நடந்து நடந்து பேசுகிறார். அம்பக்கா செக்கிங் மேஜையிலேயே இருக்கிறாள். மேஜைக்கு மேலே, குழல் விளக்குக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு ஸ்கேல் தொங்குகிறது. தினமும் காலையில் டேப்பை அதோடு வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் சட்டையை விரிப்பாள்.

சின்னவள் மெஷினுக்குத் திரும்பிய பத்தாம் நாள் அவளுடைய பண்டல் ஒன்று வந்தது. பத்துச் சட்டை கச்சிதம். பதினோராவது சட்டையின் இடது கஃப் இருபத்து மூன்று புள்ளி நாலு. டேப்பை ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள், டேப் சரி. மறுபடி அளந்தாள், அதேதான். சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிழித்தாள். ஒட்டாமல் விரல் நுனியில் வைத்துக்கொண்டு, சட்டையையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கஃப் மெஷினுக்கு நடந்தாள். தளம் ஓரக்கண்ணால் பார்த்தது.

“இத நீ ஒரு தடவ அளந்து பாரு,” என்றாள்.

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், விரல் நுனியைப் பார்த்தாள். டேப்பை வாங்கி நிதானமாக அளந்தாள். நாற்பது விநாடிக்கு மேலேயே ஆனது. அம்பக்கா காத்திருந்தாள்.

“கம்மிதான்க்கா,” என்றாள் சின்னவள், கஃபை அவள் பக்கம் நீட்டி. “ஒட்டு.”